லூசிக்காக நான் பேசிய பிரெஞ்சு

நீர் தெளித்த பருத்தித் துணியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி இறங்கும்போது எழுகிற மணத்தோடு, எனக்கு எப்போதும் ஒரு தட்டல் சத்தமும் சேர்ந்தே வரும். விரல் நுனிகள் மேசைப் பலகையில் இரண்டு முறை தட்டும், பிறகு மூன்று முறை, பிறகு நின்றுபோகும், நெடுநேரம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். கிளேபாங் கடலோரத்தில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் பங்களாவின் பின்னறை அது. அம்மா துணி தேய்த்துக்கொண்டிருப்பார். நான் தரையில் உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பேன். அந்த வீட்டுப் பெண் லூசி மேசையில் உட்கார்ந்து வினைச்சொற்களைத் துண்டு துண்டாகத் தட்டிச் சொல்ல முயன்றுகொண்டிருப்பாள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு ஆண்டிறுதி விடுமுறையில் இருந்தேன். சுங்கை ஊடாங்கில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழுந்துகொண்டிருந்த காலம். அப்பாவுக்கு அங்கே கட்டுமான வேலை கிடைத்ததும் நாங்கள் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு புக்கிட் ரம்பாயில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். அதே ஆலைக்கு வந்திருந்த பிரெஞ்சு எஞ்சினியர் ஒருவரின் வீட்டில் அம்மாவுக்குச் சமையலும் துணி வேலையும் கிடைத்தன. வீட்டில் என்னைத் தனியே விட மனமில்லாமல் பேருந்தில் தன்னோடு அழைத்துப் போவார். "கேட்ட எடத்துல ஒக்காரு, கேக்காத எடத்துல பேசாத" என்பது தினமும் பேருந்து நிறுத்தத்தில் எனக்கு அவர் சொல்லும் சொல்.

லூசிக்கு ஒன்பது வயது. மூக்கின் மேல் புள்ளி புள்ளியாக இருக்கும், முழங்கால்கள் எப்போதும் சிராய்த்திருக்கும். அவளுக்குத் திக்குவாய். நாயோடு ஓடி விளையாடும்போதும் பாடும்போதும் ஒன்றும் தெரியாது. யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக முகத்தைப் பார்த்தால் போதும், உதடுகள் ஒட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு சொல்லின் முதல் ஒலியிலேயே நின்றுவிடுவாள். அம்மாவுக்கு அதைக் காணப் பொறுக்காது. "பச்சப்புள்ளையா இருக்கையில வசம்பு சுட்டு நாக்குல தடவியிருக்கணும், வெள்ளக்காரிக்கு யாரு சொல்றது" என்று தேய்க்கிற சட்டையிடம் முணுமுணுப்பார்.

அவளுக்குப் பள்ளிக்கூடம் தபாலில் வந்தது. மாதத்துக்கு ஒரு முறை பிரான்சிலிருந்து தடித்த உறை வரும். அதில் பாடத்தாள்களும் ஒரு ஒலிநாடாவும் இருக்கும். நாடாவில் ஓர் ஆசிரியை நிதானமாகச் சொல்லிக் காட்டுவார். லூசி அதைக் கேட்டுப் பழகி, தன் குரலில் பதிவு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் தாள்களை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வினைச்சொல்லையும் மெல்லிய கோடுகள் அசை அசையாக வெட்டியிருக்கும்; எழுதப்பட்டும் உச்சரிக்கப்படாத எழுத்துகள் மட்டும் கறுப்பில் இல்லாமல் வெளிறிய சாம்பல் மையில் அச்சாகியிருக்கும். எழுதியதில் ஒரு புள்ளியை விழுங்கினாலும் பிரம்பு பேசுகிற வகுப்பிலிருந்து வந்தவள் நான். ஒரு சொல்லின் கடைசியில் மூன்று எழுத்துகள் நின்றுகொண்டிருக்க, 'அவற்றைத் தொடாதே' என்பதுபோல் அந்த நாடா ஆசிரியை மெத்தென்று கடந்து போனது எனக்குத் தீராத வியப்பு.

பேசு என்கிற வினையைத்தான் அந்த மாதம் கொடுத்திருந்தார்கள். நான் பேசுகிறேன், ஜ பார்ல். நீ பேசுகிறாய், த்யு பார்ல். நாங்கள் பேசுகிறோம், நூ பார்-லோன். அதிலுள்ள 'ன்' முழுதாக நாக்கில் இறங்காது, மூக்குக்குள் ஏறி அங்கேயே தங்கிவிடும். எதிர்காலத்துக்குப் போனால் ஓர் அசை கூடும்: ஜ பார்-ல-ரே, த்யு பார்-ல-ரா, நூ பார்-ல-ரோன். 'நாங்கள் பேசுவோம்' என்பதிலும் 'அவர்கள் பேசுவார்கள்' என்பதிலும் வினை அசைக்கு அசை ஒன்றாகவே ஒலிக்கும், கடைசியில் ஒலிக்காத சாம்பல் எழுத்து மட்டும் வேறு. பொருளெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது அது எனக்கு ஒரு தாளம், அவ்வளவுதான். காலுறைகளை மடித்தபடியே முழுவதும் மனப்பாடமாகிவிட்டது.

லூசிக்கு 'பார்' என்பதே மலை. விரலால் தட்டுவாள், உதடுகள் கூடும், அங்கேயே நிற்கும். ஒரு நாள் அவள் அப்படி நின்றபோது என்னையறியாமல் நானும் சேர்ந்து சொல்லிவிட்டேன். இரண்டு குரலாகப் போனதும் அவள் தடையே இல்லாமல் கடைசிவரை வந்துவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மறுபடி சொன்னோம், மறுபடியும் வந்தது. நான் நிறுத்தினால் அவளும் நின்றாள். அதன்பின் அந்த விடுமுறை முழுவதும் எங்களுக்கு அதுதான் விளையாட்டு. நாய்க்குச் சோறு வைக்கும்போதும், அம்மா அம்மியில்லாத அந்த வீட்டில் குழவிக்குப் பதில் போத்தலை உருட்டி மிளகு பொடிக்கும்போதும், நாங்கள் இருவரும் பார்-ல-ரோன் என்று தட்டிக்கொண்டிருப்போம். "என்னாடி அது, ரெண்டும் கோயில்ல உடுக்க அடிக்கிற மாதிரி" என்று அம்மா சிரிப்பார்.

அவளுக்கு அது விளையாட்டு மட்டுமில்லை என்பது ஒரு மத்தியானம் தெரிந்தது. தன் அறைக்கு அழைத்துப் போய்க் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு நீலப் பெட்டியை இழுத்துக் காட்டினாள். ஆங்கிலமும் மலாயும் கையுமாக அவள் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான்: ஆண்டிறுதி நாடாவில் அவள் சரியாகச் சொல்லவில்லை என்றால், தபால் பாடம் அவளுக்கு உதவாது என்று அப்பா முடிவு செய்வார், அவளைப் பிரான்சில் அத்தை வீட்டில் விட்டு அங்கேயே பள்ளியில் சேர்ப்பார்கள். அம்மா அப்பா இங்கே இருப்பார்கள். பெட்டியில் ஒரு கம்பளிச் சட்டை ஏற்கெனவே இருந்தது.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் விடிகாலையில் பெரட்டு நடக்கும். வேலையாட்கள் எல்லாம் களத்தில் நிற்க, மண்டோர் பேர் பேராகக் கூப்பிடுவார். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வந்துகொண்டிருப்பவள், காய்ச்சலில் எழுந்திருக்கத் தாமதித்தவள் என்று யாராவது இருப்பார்கள். அவள் பேர் வரும்போது பக்கத்தில் நிற்பவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குரலை மாற்றி "இருக்கேன்" என்பாள். மண்டோருக்கும் தெரியும், தெரியாததுபோல் அடுத்த பேருக்குப் போவார். இதற்குக் 'குரல் குடுக்கிறது' என்று பேர். அம்மாவுக்காக அடுத்த வீட்டு அத்தை எத்தனையோ நாள் குரல் கொடுத்திருக்கிறார். நான் வயிற்றில் இருந்தபோது மாதக்கணக்கில் கொடுத்தாராம். ஒருவருக்குச் சோறு போடுவதைப் போல, தண்ணீர் தூக்கிக் கொடுப்பதைப் போல, அதுவும் ஒரு நல்ல காரியம் என்றுதான் வளர்ந்தேன்.

நாடா அனுப்ப வேண்டிய நாள், நாங்கள் மேடம் என்று கூப்பிடும் லூசியின் அம்மா ஏதோ வாங்க நகரத்துக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு டிரைவர் வந்து உறையைத் தபால் நிலையத்துக்கு எடுத்துப் போவார். மத்தியானத்திலிருந்து லூசி பதிவுப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தாள். பொத்தானை அழுத்துவாள், தட்டுவாள், நிற்பாள், பின்னுக்கு ஓட்டுவாள். நான் கதவருகில் நின்று வாயை மட்டும் அசைத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ முறை அவள் அழவும் இல்லை. ஒலிவாங்கியை மேசையின் குறுக்கே மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

நான் யோசிக்கவில்லை. அவள் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் மெல்லியது, சொல்லின் முடிவில் சற்று ஏறுவது. தொண்டையை இறுக்கி அந்தக் குரலை எடுத்துக்கொண்டு, விரலால் தொடையில் தட்டியபடி, நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பேசுவேன், பேசுவாய், பேசுவாள். பொத்தான் எழும்பிய சத்தம் கேட்டதும் லூசி என்னைக் கட்டிக்கொண்டாள். மூன்று மணிக்கு உறை போய்விட்டது. பேருந்தில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "நல்ல வேல செஞ்ச. பாவம் அந்தப் புள்ள" என்றார்.

ஜனவரியில் பள்ளி திறந்தது. நான் மலாய் கற்கும் புகுமுக வகுப்பில் சேர்ந்து, என் பங்குக்கு அசை அசையாகத் தடுமாறிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் மட்டும் பங்களாவுக்குப் போவேன். அப்படி ஒரு சனிக்கிழமை மதியம், ஆலையிலிருந்து எஞ்சினியரின் நண்பர்கள் சிலர் விருந்துக்கு வந்திருந்தார்கள். அந்த வாரம்தான் நாடா திரும்பி வந்திருந்தது. லூசியின் பதிவுக்குப் பின்னால் ஆசிரியை தன் குரலில் பாராட்டைச் சேர்த்திருந்தார். எஞ்சினியர் அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். மேசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் சமையலறை வாசலில் தண்ணீர்க் கூஜாவோடு நின்று பார்த்தேன். பிறகு அவர் மகளின் பக்கம் திரும்பி, இப்போது இவர்களுக்கு நேரில் சொல்லிக் காட்டு என்பதுபோல் கையை விரித்தார்.

லூசி எழுந்து நின்றாள். மேசையில் விரலை வைத்தாள். உதடுகள் கூடின. ஒருவர் கரண்டியைத் தட்டில் வைத்தது பெரிதாகக் கேட்டது. அவள் முகம் சிவந்து, கழுத்து புடைத்து, அந்த ஒரே ஒலியின் வாசலில் நின்றாள். அவளுடைய அப்பாவின் விரிந்த கை அப்படியே காற்றில் நின்றது.

அப்போதுதான் அம்மா குழம்புச் சட்டியோடு உள்ளே வந்தார். பிள்ளை படும் பாட்டைக் கண்டதும் அவருக்குத் தாங்கவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, என்னைக் கையால் காட்டி, முகம் நிறைந்த சிரிப்போடு சொன்னார்: "மேடம், திஸ் ஒன் மை டாட்டர் டோக்கிங். லூசி கேனாட், மை டாட்டர் ஹெல்ப்." நல்ல செய்தி சொல்பவரின் முகம் அது.

யாரும் எங்களைத் திட்டவில்லை. எஞ்சினியர் நாடாவை வெளியே எடுத்து அதன் உறைக்குள் வைத்தார். மேடம் எழுந்து போய் மகளின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். திரும்பும் வழியெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டே வந்தார்: "நாம என்னா தப்புப் பண்ணிட்டோம்? குரல்தானலா குடுத்தோம்?" நன்றி தெரியாதவர்கள் என்று நினைத்தேன். வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் லூசியை அனுப்பினார்கள். அந்த நீலப் பெட்டி வண்டியின் பின்னால் ஏறியதை நான் பார்த்தேன். அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அவள் கன்னத்தைத் தடவி, "போயிட்டு வரேன்னு சொல்லும்மா" என்றார். வீட்டில் எங்களோடு இருந்து அவள் கற்றுக்கொண்ட இரண்டொரு தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. அவள் சொல்ல முயன்றாள். வாய் 'போ' என்று குவிந்தது. நின்றது. நான் உடனே, "போயிட்டு வரேங்கிறாம்மா" என்றேன். லூசி என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள், வண்டியில் ஏறிக்கொண்டாள். இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் அந்தச் சொல் வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். அதை அறியும் வாய்ப்பை நான் யாருக்கும் விட்டுவைக்கவில்லை.

இதையெல்லாம் நான் இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகன் முகிலன். அவனுக்கு நான்கு வயதில் திக்கத் தொடங்கியது, இப்போது பத்தொன்பது. கிளினிக்கில், பள்ளி அலுவலகத்தில், சாப்பாட்டுக் கடையில், உறவினர் வீட்டு விசேஷங்களில், அவன் பேர் என்ன என்று யார் கேட்டாலும் நான்தான் சொல்வேன். அவன் உதடு கூடும் முன்பே என் வாய் திறந்துவிடும். அது அன்பு என்றே இருந்தேன். சமையல் கலை படிக்கிறான். அந்தப் படிப்பில் பிரெஞ்சும் ஒரு பாடம் என்று அவன் சொன்ன நாளில் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன், அவன் கவனிக்கவில்லை.

போன வாரம் நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பயிற்சிக்கான நேர்காணல். அந்தப் பயிற்சி கிடைக்காவிட்டால் படிப்பு ஓராண்டு தள்ளிப்போகும். வேண்டாம் என்றவனோடு நானும் போனேன். விண்ணப்பத்தைக்கூட நான்தான் நிரப்பியிருந்தேன். வெளியே இருந்திருக்க வேண்டும், உள்ளேயும் போனேன். அந்தப் பெண் அதிகாரி புன்னகையோடு, இந்த வேலை உனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டார். முகிலன் மூச்சை இழுத்தான். மேசைக்கடியில் அவன் விரல் முழங்காலில் தட்டத் தொடங்கியது. நான் பேசினேன். அவன் சிறுவயதிலிருந்தே எப்படிச் சமைப்பான் என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனேன். சொல்லி முடித்துத் திரும்பினால் நாற்காலி காலி. வெளியே அவன் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஐந்து மணிநேரம் அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்த ஐந்து மணிநேரத்தில் நான் எங்கெங்கே போய்ப் பார்த்தேன், எந்தெந்தச் சாலை முனையில் எதை எதிர்பார்த்து நின்றேன் என்பதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. மாலையில் தானாக வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, நின்று நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். நான் ஒன்றும் செய்ய முடியாமல் கேட்டேன்.

"அம்மா, எனக்குத் தி-திக்குறது பிரச்சன இல்ல. நான் பே-பேசுறப்ப நீங்க முடிச்சிர்றீங்க பாருங்க. அப்புறம் அவங்க எ-என்னைப் பாக்குறதே இல்ல. உங்களத்தான் பாக்குறாங்க."

மறுநாள் அவன் சாப்பாட்டு மேசையில் பாடப் புத்தகத்தை விரித்து எதிர்கால வினைகளை விரலால் தட்டிப் படித்துக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் நின்றேன். பார், நின்றது. எனக்குத் தெரியும் அடுத்த அசை என்னவென்று. முப்பது ஆண்டுக்குப் பிறகும் அது என் நாக்கின் நுனியில் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். நீர்ச் சத்தத்துக்கு நடுவே 'ல' வந்தது. வெகுநேரம் கழித்து 'ரே' வந்தது.

கிளேபாங் பக்கம் போன மாதம் போயிருந்தேன். அந்தப் பங்களா இருந்த வரிசையே இல்லை. கடலையும் மண் போட்டுத் தூர்த்துத் தள்ளிவிட்டார்கள். அலை வந்து தொட்ட இடத்திலிருந்து பார்த்தால் இப்போது தண்ணீரே தெரியாது. தபாலில் வந்த பள்ளிக்கூடம் போயிற்று, நாடா போயிற்று. தோட்டத்துக் களத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குரல் கொடுத்த தலைமுறையும், என் அம்மாவும், போய்விட்டார்கள். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைகளில் இன்று விரல் ரேகை வைத்தால்தான் கதவு திறக்கிறது. ஒருத்திக்காக இன்னொருத்தி விரல் வைக்க வழியில்லை. அம்மா செய்ததைத் தவறென்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வராது. வந்துகொண்டிருக்கிறவளுக்காகத்தான் அவர்கள் குரல் கொடுத்தார்கள். எதிரிலேயே வந்து நின்றவளுக்காக நான் கொடுத்தேன்.

நேற்றுக் காலை என் கைப்பேசி அடித்தது. அந்த ஹோட்டலிலிருந்து. விண்ணப்பத்தில் நான் என் எண்ணைத்தான் எழுதியிருந்தேன். முகிலன் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான், மன்னிப்புக் கேட்டு, இன்னொரு வாய்ப்புக் கேட்டு. எனக்கு அது தெரியாது. அந்தப் பெண் அதிகாரி இனிமையாகவே பேசினார். மகனுக்கு எந்த நாள் தோதுப்படும், நீங்களே சொல்லிவிடலாமே என்றார். எல்லா நாளும் என் நாவில் இருந்தன. அவனுக்கு எந்த நாள் வகுப்பு, எந்த நாள் ஓய்வு என்பது அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கொஞ்சம் இருங்கள், அவனே பேசுவான் என்று மலாயில் சொல்லிவிட்டு, அறைக் கதவைத் தட்டிக் கைப்பேசியை அவன் கையில் கொடுத்தேன். அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காதில் வைத்தான். மறுமுனையில் அந்தப் பெண் "ஹலோ, ஹலோ" என்பது எனக்கே கேட்டது. நான் நடந்தேன். கூடத்தைக் கடந்து, வாசலைக் கடந்து, கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்து, எதுவும் கேட்காத தூரத்தில், எதிர்வீட்டு வேலியோரம் போய் நின்றேன். எதிர்வீட்டம்மா ஜன்னல் வழியாக, "என்னா செல்வி, வெயில்ல நிக்கிற?" என்றார். "சும்மாதாங்க்கா" என்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கால் சூடு தாங்காமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் வாசலுக்கு வந்து கைப்பேசியை நீட்டினான்.

"தி-திங்கக்கெழம பத்து மணி," என்றான். "நான் மட்டும்."

வாங்கிக்கொண்டேன்.